வெள்ளிக்கிழமை வெந்நீர்

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள், ஃபேன் காற்றாவது வரும். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரில் ஏசி ஓடாதாம். பங்குனி மாதத்துத் திருச்சியில் நரம்பு நோயாளிகளை இப்படி வேகவைக்கிறார்களே, யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். ரிசப்ஷனில் இருக்கிற பெண் சிரிக்கிறாள். சிரித்தால் பதில் ஆகிவிடுமா?

யாருக்கு, உங்களுக்கா? பெண்ணுக்கா? அதோ, காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளா? காலேஜா? ஓகோ. ஒரு கண் மங்கிப்போய்விட்டதா? கண்ணைத் திருப்பினால் வலித்திருக்குமே? ம். மேலே நீங்கள் சொல்லவே வேண்டாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றிருப்பார்கள். அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தினுசே சொல்கிறது. கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள், ஸ்கேன் படம் எங்கேயும் ஓடிப்போகாது.

அழாதீர்கள். அழுதால் எனக்குப் பேச வராது. இந்த வியாதியைப் பற்றித் தெரிந்துகொள்ள நீங்கள் சரியான இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். என் மருமகளுக்கும் இதுதான். சிந்துஜா என்று பெயர். பேங்கில் ஆபீசர். உள்ளேதான் இருக்கிறாள், டாக்டரிடம்.

நான் ஏன் உள்ளே போகவில்லை என்று பார்க்கிறீர்கள். போகத்தான் எழுந்தேன். "அத்தை, இன்னிக்கு நான் மட்டும் பேசிட்டு வந்துடறேன்" என்றாள். எல்லார் முன்னாலேயும். எனக்குத் தெரியாத எதை டாக்டர் சொல்லிவிடப் போகிறார்? ஆனாலும் பொது இடத்தில் தகராறு செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கான்வென்ட் வளர்ப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். குன்னூருக்கு மாற்றல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். ஆர்டர் வந்துவிட்டது. போகலாமா கூடாதா என்று டாக்டரிடம் கேட்கத்தான் போயிருக்கிறாள். டாக்டர் வேண்டாம் என்றால் போகமாட்டாளாம். என் மகன் முகுந்தனிடம் சத்தியம் செய்திருக்கிறாள். போனால் அவனும் கூடப் போவான். வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறவன்தானே, லேப்டாப்பை மூடித் தூக்கினால் தீர்ந்தது. நானும் எங்கள் வீட்டுக்காரரும் அந்தப் பெரிய வீட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்த முகம். அதில் புதிதாக என்ன இருக்கிறது?

டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்வார். எனக்குத் தெரியும். அதனால்தான் பதறாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வியாதி என்ன என்று கேட்டீர்களே, சொல்கிறேன். டாக்டர் அரை மணி நேரம் படம் போட்டுச் சொன்னதை நான் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். மிக்ஸியில் ஒயர் இருக்கிறதல்லவா, அதன்மேல் ரப்பர் உறை இருக்கும். நம் நரம்புக்கும் அப்படி ஒரு உறை உண்டு. கிருமி வந்தால் அடித்து விரட்டுவதற்கென்று உடம்பிலேயே ஒரு படை இருக்கிறதாம். அந்தப் படைக்குப் புத்தி பேதலித்து, நம் உறையையே கடித்துக் குதறுகிறது. மூளையில், முதுகுத்தண்டில், எங்கே வேண்டுமானாலும். ஒயரில் உறை உரிந்தால் மிக்ஸி என்ன செய்யும்? ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிற்கும். ஒரு பக்கம் தட்டினால் ஓடும். அப்படித்தான். கண்ணுக்குப் போகிற ஒயரில் உரிந்தால் கண் மங்கும், காலுக்குப் போகிறதில் உரிந்தால் கால் மரக்கும். வரும், போகும், மறுபடியும் வரும். அடுத்தவர்களுக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள். நீங்கள் சாபம் வாங்கியதால் வந்ததும் இல்லை. இளம் வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் இதில் பெரிய மோசம். கையில் கட்டு இருக்கிறதா, தலையில் காயம் இருக்கிறதா? லட்சணமாகப் புடவை கட்டிக்கொண்டு பேங்குக்குப் போகிற பெண்ணைப் பார்த்து யாராவது வியாதிக்காரி என்பார்களா?

நானும் சொல்லவில்லை. என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கேளுங்கள். போன சித்திரையில் ஆரம்பித்தது. கத்திரி வெயில். காலையில் ஒன்பது மணிக்குப் பேங்குக்குப் போவாள், நேராக, மகாராணி மாதிரி நடந்து. அங்கே நாள் முழுக்க நிற்பாள், நடப்பாள், லாக்கர் ரூமுக்குப் படி இறங்குவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் பத்து நிமிஷம் நின்றாளோ இல்லையோ, "அத்தை, கால் வரமாட்டேங்குது." ஒரு நாள் ரசப் பாத்திரத்தைக் கீழே விட்டாள். ஒரு நாள் சாம்பாரைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினாள். கேட்டால், "கிண்ணம் ரெண்டா தெரிஞ்சுது அத்தை." என் வீட்டில் இருக்கிற கிண்ணம் எத்தனை என்று எனக்குத் தெரியாதா?

நீங்களே சொல்லுங்கள். பேங்கில் வேலை செய்கிற கால் சமையலறையில் ஏன் வேலை செய்யாது? கால் ஒன்றுதானே?

சரி, வாயால் சொல்வதைவிட சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு மாடிக் கடை, உள்ளே ஏசி, குளிரில் பல் கிட்டுகிறது. அங்கே எப்படி நடந்தாள் தெரியுமா? மாடி மாடியாக! எனக்கு மூச்சு வாங்குகிறது, அவள் "அத்தை, மேல பட்டு செக்‌ஷன் பாத்துடலாமா?" என்கிறாள். எனக்கு ஒரு நல்ல புடவையும் எடுத்துக் கொடுத்தாள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெளியே வந்து, வெயிலில் ஆட்டோவுக்கு நின்றோம். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுத்தெருவில், பொம்மை வாங்கித் தரவில்லை என்று குழந்தை உட்காருமே, அப்படி. ஆட்டோக்காரன் கைகொடுத்து ஏற்றினான்.

அன்றைக்கே அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, உங்க பொண்ணுக்கு என் சமையல்கட்டு மட்டும்தான் ஒத்துக்கலை. மத்தபடி உடம்பு இரும்பு" என்றேன். அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள். பேச என்ன இருக்கிறது?

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் கொடுமைக்காரி இல்லை. சந்தேகப்பட்டேனே தவிர, வைத்தியம் பார்க்காமல் விடவில்லை. கால் மரக்கிறது என்றால் என்ன அர்த்தம்? வாயு. வாயுவுக்கு என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளை உட்காரவைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் என் கையால் தேய்த்துவிட்டேன். எந்த மாமியார் செய்வாள் இந்தக் காலத்தில்? அண்டாவில் நொச்சி இலை போட்டு வெந்நீர் வைத்து, கை பொறுக்கிற சூட்டில் நானே சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

"அத்தை, போதும். காலு ரெண்டும் துணி மாதிரி துவளுது."

"வாயு எறங்குதுடி. எறங்கட்டும்."

"கண்ணு மங்குது அத்தை. உங்க மொகமே தெரியலை."

"எண்ணெ பட்டிருக்கும். இன்னும் ரெண்டு சொம்பு ஊத்தினா தெளிஞ்சிடும்."

"கொஞ்சம் பச்சைத் தண்ணி கலந்துக்கலாமா?"

"எண்ணெ தேச்ச ஒடம்புக்குப் பச்சைத் தண்ணியா? சளி கட்டி ஜன்னி வரும். சும்மா உக்காரு."

குளித்து முடித்தால் எழுந்திருக்க மாட்டாள். மணையிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் தூக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயக்கம் போட்டு விழுந்த பெண்ணைக்கூட மதர் எழுப்பி நிற்கவைத்து, ஆமென் சொல்லவைத்த பிறகுதான் உட்காரவிடுவார். தூக்கிப் பழக்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தூக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பேன். கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். திருட்டுத்தனமாகப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வாள்! அப்புறம் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடந்து வருவாள். பார்த்தீர்களா? நான் தூக்கியிருந்தால் வந்திருப்பாளா?

இப்படியே ஆனி வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் பார்த்தேன்.

ஆடியில் ஒரு நாள் பேங்கிலேயே விழுந்துவிட்டாள். ஏசி வேலை செய்யவில்லையாம். அங்கே இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது, எல்லாம் ஆயிற்று. மூளைப் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். சூடு ஏறினால் இவர்களுக்கு எல்லாத் தொந்தரவும் அதிகமாகுமாம். வெயில், அடுப்பு, காய்ச்சல், வெந்நீர். வெந்நீர் என்றபோது முகுந்தன் என்னைப் பார்த்தான். அவன் பார்க்கிறதைப் பார்த்து டாக்டரும் பார்த்தார். சிந்துஜா மட்டும் பார்க்கவில்லை.

நான் விடுவேனா? "டாக்டர், வெந்நீர்ல குளிச்சா வியாதி வளருமா?" என்று நேரடியாகவே கேட்டேன். "வளராதும்மா. அந்த நேரத்துக்குத்தான் கஷ்டம். ஒடம்பு ஆறினா பழைய நிலைக்கு வந்துடும்" என்றார். கேட்டுக்கொள்ளுங்கள். என் வெந்நீரால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன்டி என்கிட்டேருந்து மறைச்சே?"

"சொன்னேனே அத்தை. கால் மரக்குதுன்னு சொன்னேன். ரெண்டா தெரியுதுன்னு சொன்னேன்."

கால் மரக்கிறது என்று சொன்னாள். வியாதி என்று சொன்னாளா? அதைச் சொல்லவேண்டாமா?

போகட்டும். பழையதைக் கிளறுகிற ஆள் நான் இல்லை. அன்றையிலிருந்து அவளைத் தரையில் கால் வைக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். சமையலறைப் பக்கமே விடுவதில்லை. காப்பி போடுகிறேன் என்று வந்தால் டம்ளரைப் பிடுங்கிவிடுவேன். களைப்பு என்பது இந்த வியாதியில் பெரிய தொல்லை. நாமெல்லாம் வேலை செய்து களைப்பதுபோல் இல்லை, தூங்கி எழும்போதே ஒயரில் கரண்ட் இல்லாத மாதிரி இருக்குமாம். அதனால் அவள் சிநேகிதிகள் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுவேன். எனக்குத் தெரியாதா அவளுக்கு எது நல்லது என்று? போனில் பேசினாலும் களைப்புதான். வியாதிக்கென்று அவள் போட்டுக்கொள்கிற ஊசியை நான்தான் நேரம் பார்த்து எடுத்துக்கொடுக்கிறேன். நடுவில் நல்ல நாட்களும் வரும். சிரித்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். உடனே கீழே இறங்கச் சொல்லிவிடுவேன். நல்ல நாள் என்று நம்பி ஏமாறக் கூடாது.

உறவுக்காரர்கள், அக்கம்பக்கம், கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். மறைக்கிறதுக்கு இது என்ன திருட்டா? மார்கழியில் ஒரு நாள் பேங்குக்கே நேரில் போனேன். மேனேஜர் ரூமில் கூட்டம். காத்திருக்க எனக்கு நேரமில்லை, கவுண்ட்டர் பக்கத்திலேயே அவரைப் பிடித்துச் சொல்லிவிட்டேன்: "சார், என் மருமகளுக்கு மூளையில புள்ளி புள்ளியா இருக்கு. கணக்கு வழக்குல நீங்கதான் கொஞ்சம் கூட இருந்து பாத்துக்கணும்." அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். கவுண்ட்டரில் நின்றவர்களெல்லாம் பாவம், அவளையே பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அவள்மேல் எவ்வளவு கரிசனம்! அவள் மட்டும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் அப்படிக் கவனம்.

அந்த வாரமே மாற்றலுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். மார்கழிக் குளிரிலேயே அடுத்த கோடையை யோசித்திருக்கிறாள் பாருங்கள், முன்யோசனைக்காரி.

குன்னூர் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. குளிர்ந்த ஊர். வெயிலுக்குப் பயந்துகொண்டு ஓடுகிறாள். உடனே நான் என்ன செய்தேன்? அவர்கள் ரூமில் இருந்த பழைய ஏசியைக் கழற்றிப் புதுசு போடவைத்தேன். ஹாலுக்கு ஒன்று. பாத்ரூமில் ஹீட்டரையே எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது நாங்கள் எல்லாரும் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறோம். எங்கள் வீட்டுக்காரருக்குத் தும்மல் நிற்கவில்லை. இவ்வளவு குளிர்ச்சியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு குன்னூர் எதற்கு? அதுவும் மேடு பள்ளம், வீட்டுக்கு வீடு படி. தடுமாறுகிற காலுக்கு மலையா வைத்தியம்?

"நானும் வரேன், சமைச்சுப் போட ஆள் வேணாமா?" என்று கேட்டேன். "வேணாம் அத்தை. உங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது" என்றாள். என் உடம்பைப் பற்றி எவ்வளவு அக்கறை! முகுந்தன் வழக்கம்போல "ம்" என்றான். இதில் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அங்க இன்னொரு ரூம் இருக்குமா?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் விசாரித்தால், தனக்கு மட்டும் கேட்டிருக்கிறார்.

டாக்டரைப் போன தடவையே தனியாகப் பிடித்துக் கேட்டு வைத்துக்கொண்டேன். "ஊரை மாத்தறதால இந்த வியாதி மாறாதும்மா. சூட்டுக்கு ஒரு ஏசி போதும்" என்று சொல்லியிருக்கிறார். அதையேதான் இன்றைக்கும் சொல்வார். அவளுக்கும் தெரிந்து, வீட்டோடு கிடப்பாள். நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்த்துக்கொள்வது?

இருங்கள், கதவு திறக்கிறது. வந்துவிட்டாள்.

என்னம்மா, டாக்டர் என்ன சொன்னார்? வேண்டாம்னுதானே?… என்னது, போகலாமா? நான் கேட்டப்போ ஊரை மாத்த வேண்டியதில்லை, ஏசி போதும்னாரே?… அவர்கிட்டே சூட்டுக்காகன்னு சொன்னியா நீ?… என்ன சொன்னே? உரக்கச் சொல்லு, ஃபேன் சத்தத்துல கேக்கலை.

சரி, சரி. நீ போய் மருந்து வாங்கிட்டு வா. நான் கூட வரட்டு… சரி, இங்கேயே உக்காந்திருக்கேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எறங்கு!

கேட்டீர்களா அவள் சொன்னதை? "சூட்டுக்காகன்னு நான் யார்கிட்டேயும் சொல்லலையே அத்தை. நீங்கதான் சொன்னீங்க" என்கிறாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. யோசித்துப் பார்த்தால், ஆமாம், அவள் வாயால் சொல்லவில்லைதான். நான்தான்… ஆனால் சூட்டுக்காக இல்லையென்றால் வேறு எதற்காகப் போகவேண்டும்? சம்பளம் அதேதான். உறவு யாரும் அங்கே இல்லை. வீட்டில் ஒரு குறை கிடையாது, துரும்பை எடுத்துப் போடச் சொல்வதில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நீங்கள் வெளி ஆள், உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

தோன்றினால் சொல்லுங்கள். ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இதோ, உங்கள் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். எழுந்திருங்கள். பெண்ணுக்கு முன்னால் நீங்கள் போங்கள். என்ன, அவளிடம் போய்க் குனிந்து என்ன கேட்கிறீர்கள்? "நான் உள்ள வரட்டுமா, இல்ல நீயே பேசிக்கறியா"வா? நன்றாயிருக்கிறது! பெற்றவள், இதற்குப் போய் அனுமதி கேட்பார்களா? வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போகப்போகிறாள், பாருங்கள்…

வாம்மா என்கிறாளே. கையை வேறு பிடித்துக்கொள்கிறாள்.

கேட்டதற்காகவா கூப்பிட்டாள்? வெறுமே கேட்டதற்காகவா?

சரி, போங்கள், போங்கள், டாக்டர் காத்திருப்பார். இங்கே பாருங்கள், ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: உள்ளே போனதும் நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவளைப் பேசவிடாதீர்கள்!